பாதிப் புத்தக டீச்சர்

புதன்கிழமை ஓய்வு மணி அடித்து முடிப்பதற்குள் சிற்றுண்டிச்சாலைத் தூணோரம் சலேஹா டீச்சரின் குரல் எழும்பிவிடும்.

"வாங்க வாங்க! புதுசு, புதுசு! பிளாஸ்டிக் வாசம்கூட இன்னும் போகல! தொட்டுப் பாக்கக் காசில்ல, தூக்கிட்டுப் போகவும் காசில்ல. திருப்பிக் கொண்டு வரலன்னா மட்டும் நான் உங்க வீட்டுக்கே வந்துருவேன்!"

ஜார்ஜ்டவுனில் இருக்கும் அந்த இடைநிலைப்பள்ளியின் நூலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. ஓய்வு நேரத்தில் மாடி ஏறினால் மீ கோரேங் நூடுல்ஸ் தீர்ந்துவிடும். மீ வாங்க நின்றால் நூலகத்தைப் பூட்டிவிடுவார்கள். பிள்ளைகள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் சலேஹாவுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நூலகப் பொறுப்பை ஏற்ற முதல் மாதத்திலேயே புத்தகங்களைக் கூடையில் அள்ளிக் கீழே கொண்டுவந்துவிட்டார். சிற்றுண்டிச்சாலை நடத்தும் நோர்மா அக்கா, காற்றாடிக்குக் கீழே ஒரு மேசையை ஒதுக்கிக் கொடுத்தார், கூடவே, "கறிபாப் வெக்கிற மேச இது. எண்ணெ ஒட்டுச்சின்னா என்னக் கேக்கக் கூடாது" என்று எச்சரிக்கையும் கொடுத்தார்.

கூவி விற்பது சலேஹாவுக்குப் புதிதில்லை. அவருடைய அப்பா சீனி முகம்மது பசார் மாலாமில் பிள்ளைகளுக்கான சட்டைகளை விற்றவர். இந்த வாரம் ஒரு தாமான் குடியிருப்பு, அடுத்த வாரம் வேறொரு தாமான் என்று இரவுச் சந்தை எங்கே போகிறதோ அங்கே கூடாரம் போடுவார். சிறுமி சலேஹா கவிழ்த்துப் போட்ட பெட்டியின் மேல் நின்று கத்துவாள். அப்பாவின் வியாபாரத்தில் ஒரே ஒரு சட்டம்தான். சட்டையை முழுதாக விரித்துக் காட்டக் கூடாது. பாதி மடிப்பில் கையில் கொடுத்துவிட வேண்டும். மீதியை வாங்க வந்தவர்களே விரிக்க வேண்டும். விரித்தவர்கள் பெரும்பாலும் வாங்காமல் போகமாட்டார்கள்.

சலேஹா அந்தச் சட்டத்தைப் புத்தகத்துக்குக் கொண்டுவந்தார். புதுப் பெட்டி வந்ததும் ஒவ்வொரு புத்தகத்தையும் சரியாகப் பாதிவரை படிப்பார். பாதிக்கு மேல் ஒரு பக்கம்கூடப் புரட்டமாட்டார். சோம்பல் காரணமில்லை. முடிவு தெரிந்துவிட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கட்சி. "கதாநாயகன் பொழைச்சிருவானா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "எனக்கும் தெரியல லா, படிச்சிட்டு வந்து சொல்லு" என்று மனதாரச் சொல்ல முடிய வேண்டும். அதனாலேயே பிள்ளைகள் அவருக்கு 'பாதிப் புத்தக டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் அதைப் பட்டம்போலச் சுமந்துகொண்டார்.

பாதி படித்ததும் புத்தகத்தின் முதுகில் ஒரு வட்ட ஒட்டி. மஞ்சள் என்றால் சிரிப்பு, நீலம் என்றால் அழுகை, சிவப்பு என்றால் பயம். பச்சை என்றால் டீச்சருக்கே புரியவில்லை என்று பொருள். பிள்ளைகள் அதைப் பொட்டு என்றார்கள்.

"டீச்சர் நெத்தியில வெக்காத பொட்டயெல்லாம் புத்தகத்துக்கு வெச்சிட்டாங்க" என்பான் ஐந்தாம் படிவ வகுப்புக் கோகிலன்.

"உன் வாய்க்கும் ஒண்ணு வெக்கிறேன் இரு. பெரிசா, செவப்புல."

கோகிலன் ஒவ்வொரு வாரமும் வருவான், ஒவ்வொரு வாரமும் ஒரே வேண்டுகோள்தான். "மெல்லிசா ஒண்ணு குடுங்க டீச்சர்." யார் எத்தனை புத்தகம் படித்தார்கள் என்று பள்ளி கணக்கெடுப்பதால் மெல்லிய புத்தகங்களுக்குத்தான் அங்கே கிராக்கி. சலேஹா தலையணைபோல ஒன்றை எடுத்து அவன் கையில் திணிப்பார். "மொதல் அத்தியாயம் மட்டும் மெல்லிசு, அத மட்டும் படி." அவன் அடுத்த வாரம் முறைத்துக்கொண்டே வருவான். புத்தகத்தை முடித்திருப்பான்.

மேசையில் மலாய், ஆங்கிலம், தமிழ் எல்லாம் கலந்து கிடக்கும். சலேஹாவின் குரலும் எதிரே நிற்கும் பிள்ளையைப் பார்த்து மொழி மாறும். ஆனால் பதின்ம வயதினருக்கான தமிழ்க் கதைப் புத்தகங்கள் வருவது அபூர்வம். அப்படி ஒரு பெட்டி வந்தால் அன்றைக்கு டீச்சரின் கூவலில் சுருதி ஒரு கட்டை ஏறும்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ரூபினி வந்தாள். மூன்றாம் படிவம். சுங்கை பாக்காப்பிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவள். மேசையைச் சுற்றியிருக்கும் கூட்டம் கலைந்த பிறகுதான் வருவாள். கையில் பாதி தின்ற ரொட்டி. வணக்கம் சொல்வாள், பிறகு ஒரே ஒரு சொல்.

"மஞ்சள்."

வேறு நிறம் கேட்டதே இல்லை. நீலப் பொட்டு வைத்த அருமையான நாவல் ஒன்றைச் சலேஹா ஒருமுறை நீட்டியபோது, சூடான சட்டியைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள். சிரிக்கப் பிடித்த பிள்ளை, அவ்வளவுதான் என்று சலேஹா எண்ணிக்கொண்டார். மஞ்சளாகத் தேடித் தேடிக் கொடுத்தார். ரூபினி எதைக் கொண்டுபோனாலும் இரண்டே நாளில் படித்து முடித்துவிடுவாள். ஒரு நூலகருக்கு இதைவிட என்ன வேண்டும்?

அந்தச் சமயத்தில்தான் புதுத் தமிழ்ப் பெட்டி வந்தது. அதில் 'ஐஸ் வண்டிப் பாட்டு' என்று ஒரு நாவல், இரண்டு பிரதிகள். மோட்டார்சைக்கிளில் ஐஸ்கிரீம் விற்கும் ஓர் அப்பா, அவருக்கு ஒரு மகள். வண்டியில் பொருத்திய பாட்டுப் பெட்டிக்கு எப்போது பாடுவது, எப்போது நிறுத்துவது என்ற விவஸ்தையே கிடையாது. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் பாடும். தேர்தல் கூட்டத்தில் வேட்பாளர் பேசும்போது பாடும். சலேஹா மகளைத் துணைப்பாட வகுப்பிலிருந்து அழைத்து வரக் காருக்குள் காத்திருந்த நேரத்தில் அதைப் பாதிவரை படித்தார். தனியாகச் சிரிக்கும் அவரைப் பார்த்துப் பக்கத்துக் காரில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

மஞ்சள் பொட்டு. யோசிக்கவே இல்லை.

புதன்கிழமை ரூபினி வந்து வாயைத் திறப்பதற்கு முன்பே அதை அவள் கையில் வைத்தார். "இது சாதா மஞ்சள் இல்ல. பஸ்ல படிக்காதே. பக்கத்துல உள்ளவங்க எழுந்து வேற சீட்டுக்குப் போயிருவாங்க."

ரூபினியின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அன்று முழுவதும் சலேஹாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஆசிரியர் அறையில், ரூபினியின் வகுப்பாசிரியர் புவனேஸ்வரன் தேநீர் கலக்கிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னார். "ரூபினி திங்க, செவ்வா வரமாட்டா. சுங்கை பாக்காப் போறாங்க. அப்பாவோட மொத வருஷத் திதி."

"அவளுக்கு அப்பா இல்லையா?"

"தெரியாதா டீச்சர்? உங்க மேசைக்குத்தானே வாராவாரம் வரா?" புவனேஸ்வரனுக்கே வியப்பு. "போன வருஷம் திடீர்னு தவறிட்டாரு. அப்புறம்தான் அம்மாவும் மகளும் இங்க பிளாட்டுக்கு வந்தாங்க. அம்மாவுக்குப் பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி, ஷிப்ட் வேலை."

ரூபினி வாராவாரம் மேசைக்கு வந்தாள். அவளிடம் எந்த நிறம் வேண்டும் என்று மட்டுமே சலேஹா கேட்டிருந்தார். அது கொஞ்சம் உறுத்தியது. என்றாலும், நல்ல வேளை, சிரிக்கிற புத்தகமாகக் கொடுத்தோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். திதிக்குப் போகும் இடத்தில் அந்தப் பிள்ளை எதைப் படித்துச் சிரிக்கும் என்று பார்க்கும் ஆசையில்தான், வாழ்நாளில் செய்யாத ஒன்றைச் சனிக்கிழமை செய்தார். இன்னொரு பிரதியை எடுத்துப் பாதிக்கு மேல் புரட்டினார்.

கணவர் ஹக்கீம் இரும்புச் சாமான் கடைக்குள் போயிருந்தார். சலேஹா காருக்குள் உட்கார்ந்து படித்தார். பாதி தாண்டிச் சில பக்கங்களிலேயே அந்த ஐஸ்கார அப்பா சாலையோரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

சலேஹா புத்தகத்தை மூடினார். அதற்கு மேல் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை.

ஹக்கீம் ஆணிப் பொட்டலத்தோடு வந்து கதவைத் திறந்தார். மனைவியின் கண்களைப் பார்த்துப் பதறிப்போனார். "என்ன சலேஹா? யாரு என்ன சொன்னா?"

"ஒருத்தர் இறந்துட்டாருங்க."

"யாரு?"

"ஐஸ் விக்கிறவரு."

"யா அல்லா! நம்ம தாமான் முனையில நிப்பாரே, அவரா? நேத்துகூடப் பாத்தேனே!"

விவரம் புரிந்து மூச்சு விட அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. "இதுக்கா? பொட்டத் தப்பா ஒட்டிட்ட. பிச்சுட்டு வேற ஒட்டு, முடிஞ்சுது."

"புத்தகத்துல ஒட்டினதப் பிச்சிரலாம். திதிக்குப் போற பிள்ளை கையில கொண்டுபோய்க் குடுத்துட்டேனே, அத எப்படிங்க பிக்கிறது?"

ஹக்கீம் ஆணிப் பொட்டலத்தைப் பின்சீட்டில் வைத்தார். காரைக் கிளப்பினார்.

புவனேஸ்வரனிடமிருந்து ரூபினியின் அம்மா சந்திரிகாவின் எண்ணைச் சலேஹா வாங்கினார். வாட்சப்பில் தட்டச்சு செய்தார், அழித்தார், மறுபடியும் தட்டச்சு செய்தார். என்னவென்று எழுதுவது? உங்கள் மகளை அந்தப் புத்தகத்தைப் படிக்க விடாதீர்கள் என்றா? ஒரு புத்தகத்தைப் படிக்காதே என்று எந்தப் பிள்ளையிடமும் அவர் சொன்னதில்லை. அதுவுமில்லாமல் ரூபினி எவ்வளவு வேகமாகப் படிப்பாள் என்று அவருக்குத் தெரியும். இந்நேரம் முடித்திருப்பாள். ஒரு பிள்ளை தனக்கு வேண்டியது இன்னது என்று ஒற்றைச் சொல்லில் சொல்லி, டீச்சரை நம்பிக் கை நீட்டியிருக்கிறது. இனி அந்தக் கை நீளுமா? சலேஹாவை அரித்தது இதுதான்.

செவ்வாய்க்கிழமை மாலை நூலகத்தில் தனியாக அமர்ந்து, மேசைக்குப் போக வேண்டிய அத்தனை புத்தகங்களின் பொட்டுகளையும் நகத்தால் சுரண்டி எடுத்தார்.

மறுநாள் ஓய்வு மணி அடித்தது. மேசை இருந்தது, புத்தகங்கள் இருந்தன, குரல் மட்டும் எழவில்லை.

"என்ன சிக்கு, டீச்சர் தொண்டைக்கு லீவா?" நோர்மா அக்கா கறிபாப் தட்டோடு எட்டிப் பார்த்தார். "நீங்க கத்தலன்னா என் கடைக்கும் ஆள் வராது போலருக்கே."

பிள்ளைகள் வந்தார்கள். புத்தகங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள், ஆனால் எடுக்கவில்லை. பொட்டில்லாத புத்தகத்தை என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

"டீச்சர், கலர் எங்க?" என்றான் கோகிலன். "ஸ்டாக் முடிஞ்சிருச்சா?"

"இன்னிக்கு நீயே பாத்து எடு."

"நான் பாத்து எடுத்தா மெல்லிசாத்தான் எடுப்பேன். பரவால்லையா?"

சலேஹா சரி என்று தலையாட்டினார். கோகிலன் திகைத்துப்போனான். டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்றே முடிவு செய்துவிட்டான்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி முன்னே வந்தாள். ரூபினி. கூட்டம் கலையும்வரை அவள் காத்திருக்காதது அன்றுதான் முதல் தடவை. கையில் ரொட்டி இல்லை. 'ஐஸ் வண்டிப் பாட்டு' இருந்தது. அதை மேசையில் வைத்து, முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"டீச்சர், இது மஞ்சள் இல்ல."

"தெரியும்மா." சலேஹா அந்தப் பொட்டின் மேல் விரலை வைத்தார். "தப்பு என்னோடதுதான். நான் அத…"

"நீலமும் இல்ல." ரூபினி அவரை முடிக்க விடவில்லை. "நீங்க எதுவரைக்கும் படிச்சீங்க?"

"அவரு கீழ விழுற வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"முடியலம்மா. மூடி வெச்சிட்டேன்."

"ஐயோ டீச்சர்!" ரூபினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதுக்கப்புறம்தானே சிரிப்பே!"

பக்கங்களைப் படபடவென்று தள்ளி ஓரிடத்தில் நிறுத்தி, சத்தமாகவே படிக்கத் தொடங்கினாள். இவ்வளவு சத்தம் அந்தத் தொண்டைக்குள் இருந்ததா என்று சலேஹா பார்த்துக்கொண்டு நின்றார். கதையில் இறுதிச் சடங்கு நடக்கிறது. வாசலில் நிற்கும் ஐஸ் வண்டி தானாகப் பாட ஆரம்பிக்கிறது. சித்தப்பா ஓடிப்போய் ஒரு கம்பியைப் பிடுங்குகிறார். பாட்டு இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. ஐயருக்கு மந்திரம் தாளம் தப்பி அந்தப் பாட்டோடு போய்ச் சேர்கிறது. எல்லாரும் விழித்துக்கொண்டு நிற்கும்போது, எதிர்வீட்டுச் சிறுவன் கையில் காசோடு வாசலுக்கு வந்து, "ஒரு சாக்லேட் ஐஸ்" என்கிறான்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். கோகிலன் தூணைப் பிடித்துக்கொண்டான். சிரித்து ஓய்ந்ததும் புத்தகத்தை அவள் கையிலிருந்து பறித்து, அந்தப் பக்கத்தை நண்பர்களுக்குக் காட்ட எடுத்துக்கொண்டு ஓடினான். கூட்டமும் அவன் பின்னால் போனது.

மேசையருகே இருவர் மட்டும் நின்றார்கள். ரூபினி குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கப்பாவோட கெரேத்தா இருந்துச்சு டீச்சர். பழைய கார். அப்பாவ வெச்ச பெட்டிய வீட்டுக்கு வெளிய எடுக்கிறாங்க, அப்போ அதோட அலாரம் கத்த ஆரம்பிச்சிருச்சு. சாவி எங்க இருக்குன்னு அப்பாவுக்கு மட்டும்தான் தெரியும். எங்க மாமா என்ன பண்றதுன்னு தெரியாம பானெட் மேல ஏறி உக்காந்துட்டாரு. உக்காந்தா அது வாய மூடிக்குமாம்." அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் கோத்தது. "நான் சிரிச்சிட்டேன் டீச்சர். அங்கேயே. சத்தமா. அத்தை கையில கிள்ளிட்டாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க."

சலேஹா மேசையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"செத்த வீட்ல சிரிச்சவ நான் ஒருத்திதான்னு நெனச்சிட்டிருந்தேன். அழுற கதை படிச்சா அந்த நாள்தான் ஞாபகம் வரும். அதான் மஞ்சள் மட்டும் எடுப்பேன்."

"இதப் படிச்சப்ப?"

"அவரு விழுந்ததும் உங்க மேல கோவம் வந்துச்சு. சுவத்துல தூக்கி அடிச்சேன். புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகல" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அப்புறம் மனசு கேக்கல. எடுத்துப் படிச்சேன். பாட்டு வந்துச்சு. திதி அன்னிக்கு அடுப்படியில அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். அவங்க அடுப்பையே அணைச்சிட்டு உக்காந்து சிரிச்சாங்க. அலாரம் கத்துன அன்னிக்கு அவங்களுக்கும் சிரிப்பு வந்துச்சாம் டீச்சர். முந்தானைய வாயில அடைச்சிக்கிட்டாங்களாம்."

"உங்க அத்தை?"

"சத்தம் கேட்டு வந்தாங்க. அவங்களுக்கும் படிச்சேன். மாமா பானெட்ல ஏறுன கதைய இத எழுதுனவங்களுக்கு யாரு சொன்னதுன்னு கேக்குறாங்க!"

சலேஹா சிரித்தார்.  பிறகு நிமிர்ந்து, பொறுப்பான ஆசிரியராகச் சொன்னார்: "இருந்தாலும் நான் செஞ்சது தப்புதான். இனிமே ஒவ்வொண்ணையும் முழுசாப் படிச்சிட்டுத்தான் மேசைக்குக் கொண்டு வருவேன்."

"வேணாம் டீச்சர்."

"ஏன்?"

"முழுசாப் படிச்சிருந்தா இத எனக்குக் குடுத்திருப்பீங்களா?"

சலேஹா யோசித்துப் பார்த்தார். கொடுத்திருக்கமாட்டார். அப்பா இல்லாத பிள்ளை என்று தெரிந்திருந்தால் அலமாரியின் மேல்தட்டில், எட்டாத இடத்தில் ஒளித்து வைத்திருப்பார். நல்ல எண்ணத்தோடுதான் செய்திருப்பார். ரூபினி இன்னும் மஞ்சள் மஞ்சள் என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"சரி," என்றார் கடைசியில். "பாதிச் சட்டம் இருக்கட்டும். ஆனா ஒண்ணு, இனி கலர் மட்டும் கேக்க மாட்டேன். ஏன் அந்தக் கலர்னும் கேப்பேன். பதில் சொல்லணும்னு இல்ல. கேப்பேன்."

"கேளுங்க." ரூபினி மேசையடியில் இருந்த பொட்டுச் சுருளை எடுத்தாள். "மொதப் பாதிக்கு நீங்க வெளிய ஒட்டுங்க. படிச்சு முடிச்சவங்க பின்னட்டைக்கு உள்பக்கம் ஒட்டட்டும். மத்தவங்க வேணும்னா திறந்து பாத்துக்கலாம், வேணாம்னா விட்டுரலாம்."

கோகிலன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான், புத்தகத்தை மார்போடு அணைத்தபடி. "டீச்சர், இத நான் எடுத்துக்கிறேன். இது மஞ்சளா, நீலமா? தடிப்பா வேற இருக்கு."

"படிச்சிட்டு நீங்களே ஒட்டுங்கண்ணே" என்றாள் ரூபினி. அவன் கையிலிருந்து ஒரு நிமிடம் வாங்கி, பின்னட்டையைத் திறந்து, ஒரு மஞ்சளும் ஒரு நீலமும் ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும்படி ஒட்டி, திருப்பிக் கொடுத்தாள். பிறகு சலேஹாவின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"எனக்கு?"

சலேஹா அந்தக் கையை ஒரு கணம் பார்த்தார். கூடையைத் துழாவி, நடுவில் அடையாளச் சீட்டு செருகியிருந்த ஒரு புத்தகத்தை எடுத்தார். பத்து காவான் என்ற ஊரில் தோட்டத்தை அழித்து வீடு கட்டிய இடத்தில், போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒரு சேவலின் கதை.

"இதுக்கு என்ன கலர் டீச்சர்?"

"மஞ்சள்னுதான் தோணுது. ஆனா எனக்கு என்ன தெரியும்? சேவல் காணாமப் போற வரைக்கும்தான் படிச்சிருக்கேன்."

"கெடைச்சிருச்சான்னு வந்து சொல்லட்டா?"

"சொல்லாதே! சொன்னா என் முகம் காட்டிக் குடுத்துரும். எனக்கு இன்னும் ஒரு பிரதிய மத்தவங்க கையில குடுக்க வேண்டியிருக்கு."

ஓய்வு முடியும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சலேஹா டீச்சர் மேசையின் மறுபக்கம் போய் நின்று தொண்டையைச் செருமினார். நோர்மா அக்கா கறிபாப் தட்டைப் பத்திரமாகத் தள்ளி வைத்தார்.

"வாங்க வாங்க! புதுசு, புதுசு! பாதி நான் சொல்றேன், மீதிய நீங்க சொல்லுங்க!"